ராடார் செயற்கைக்கோள் வேண்டும், அதன் படம் மக்களுக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசிய நாடு அடுத்து சொந்தமாக ஒரு செயற்கைக்கோளை அனுப்பினால் அது ராடார் செயற்கைக்கோளாக இருக்க வேண்டும். அது எடுக்கும் படங்களில் ராணுவத்துக்கு உரியது ராணுவத்துக்குப் போகட்டும், மற்றதெல்லாம் தாமதமில்லாமல் பொதுமக்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்று முன்கூட்டியே சட்டத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை ஏன் தமிழ் நாளிதழுக்கு எழுதுகிறாய் என்று வீட்டிலேயே கேட்டார்கள். வெள்ளத்தில் மூழ்குகிற தாமான் குடியிருப்புகளிலும் மலைச்சரிவை ஒட்டி நிற்கிற அடுக்குமாடிகளிலும் நம்மவர்களும்தானே குடியிருக்கிறோம், நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

கேமரா வைத்த செயற்கைக்கோள் நமக்கு ஏன் போதாது என்பது வானத்தை நிமிர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கிளந்தான், திரெங்கானு, பகாங் பக்கமெல்லாம் நாள்கணக்கில் வானம் மூடியே கிடக்கும், வெள்ளம் வருவதும் சரியாக அந்த நாட்களில்தான். அப்போது மேலேயிருந்து கேமரா எடுப்பது மேகத்தின் முதுகை மட்டும்தான், கீழே எந்தக் கம்பம், அதாவது எந்தக் கிராமம், மூழ்கியது, எந்தச் சாலை அறுந்தது என்று எதுவும் தெரியாது. மழை போனால் புகைமூட்டம். 2015-லும் 2019-லும் பள்ளிக்கூடங்களை மூடும் அளவுக்கு அது வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வடிந்து வெயில் அடித்த பிறகு கிடைக்கும் அழகான வண்ணப்படம் அறிக்கைக்கு உதவும், கூரையில் ஏறி உட்கார்ந்திருப்பவருக்கு உதவாது.

பூமியைப் படமெடுக்க நாம் இதுவரை அனுப்பியவை எல்லாம் கேமரா வகைதான். 2000-ல் தியோங்சாட்-1, 2009 ஜூலையில் ரசாக்சாட். ரசாக்சாட் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் பின்னால் இருந்த யோசனை நல்ல யோசனை. பெரும்பாலான புவிநோக்குச் செயற்கைக்கோள்கள் வடதுருவம் தென்துருவம் என்று சுற்றும், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம்மைப் போன்ற நாடுகளின் மேல் அவை எப்போதாவதுதான் வரும். ரசாக்சாட்டை அப்படி விடாமல் 9 பாகைச் சாய்வில், 685 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகையை ஒட்டியே சுற்ற விட்டார்கள், அதனால் ஒரே நாளில் பல முறை நம்மைக் கடக்கும். ஆனால் ஓராண்டு அளவிலேயே அது பயனில்லாமல் போனது. அதோடு நாம் மனம் தளர்ந்துவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2025 ஜனவரியில் உஸ்மாசாட்-1 போனது மகிழ்ச்சிதான், அதுவும் ஒரு தனியார் நிறுவனத்தின் முயற்சி, அதுவும் கேமராதான்.

ராடார் வேறு விதம். சூரிய வெளிச்சத்துக்கு அது காத்திருப்பதில்லை. தானே நுண்ணலைத் துடிப்புகளைக் கீழே அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடித்துப் படமாக்குகிறது. சில சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலைகளுக்கு மேகமும் புகையும் ஒரு பொருட்டே இல்லை, இரவு பகல் பேதமும் கிடையாது. அவ்வளவு உயரத்திலிருந்து தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் கிலோமீட்டர் கணக்கில் நீளமான ஆன்டெனா தேவைப்படும், அதை யாராலும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறதல்லவா, அந்த ஓட்டத்தில் வழிநெடுகப் பிடித்த எதிரொலிகளை எல்லாம் கணினியில் ஒன்றாகச் சேர்த்தால் சில மீட்டர் ஆன்டெனாவே அந்த நீள ஆன்டெனாவின் வேலையைச் செய்துவிடுகிறது. 1978-ல் அமெரிக்காவின் சீசாட் இதை விண்வெளியிலிருந்து செய்து காட்டியது. அது மூன்றரை மாதத்தில் மின்கோளாறால் நின்றுபோனாலும், கடலும் நிலமும் ராடாரில் எப்படித் தெரியும் என்று உலகத்துக்குக் காட்டிவிட்டுத்தான் நின்றது.

வெள்ளத்துக்கு இது எப்படி உதவும் என்றால், அமைதியான தண்ணீர்ப் பரப்பு அலையைக் கண்ணாடி போல வேறு பக்கம் திருப்பி அனுப்பிவிடும், செயற்கைக்கோளுக்கு எதிரொலி திரும்பி வராது, அதனால் படத்தில் தண்ணீர் கறுப்பாக விழும். போன வாரத்துப் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால் புதிதாகக் கறுத்த இடமெல்லாம் வெள்ளம். மரங்களுக்கு அடியில் தண்ணீர் நின்றால் அதற்கு நேர்மாறு. அலை தண்ணீரிலும் அடிமரத்திலும் மாறி மாறிப் பட்டுத் திரும்புவதால் அந்த இடம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று தெரியும், நீண்ட அலை என்றால் இது இன்னும் நன்றாகத் தெரியும். நகரத்துக்குள் கொஞ்சம் சிரமம். கட்டடச் சுவர்கள் எதிரொலியைக் குழப்பிவிடும், நெருக்கமான வீடுகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீரைப் பிரித்தறியப் பயிற்சி பெற்ற கண்ணும் நல்ல தெளிவுள்ள படமும் வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளத்தான் நம் பிள்ளைகள் இருக்கிறார்களே.

2021 டிசம்பர் 18-ஐ நினைத்துப் பாருங்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் நின்றுகொண்டு வாட்சாப்பிலும் ஃபேஸ்புக்கிலும் வீட்டு முகவரியைப் போட்டு உதவி கேட்டார்கள். படகு வைத்திருந்தவர்கள் அந்தச் செய்திகளைப் பார்த்துத்தான் தெருத்தெருவாகப் போனார்கள். எவ்வளவு தூரத்துக்குத் தண்ணீர், எந்தப் பக்கம் மேடு என்று காட்டும் ஒரே ஒரு படம் அன்று இரவு கையில் இருந்திருந்தால்! இதில் இன்னொன்றும் உண்டு. உலகம் முழுக்க இலவசமாகப் படம் தரும் ஐரோப்பாவின் சென்டினல்-1 ராடார் இரட்டையரில் ஒன்று, சென்டினல்-1பி, 2021 டிசம்பர் 23 அன்று மின்கோளாறில் நின்றுவிட்டது. தாமான் ஸ்ரீ மூடா மக்கள் இன்னும் சேற்றை வாரிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மாற்றாக சென்டினல்-1சி மேலே போக 2024 டிசம்பர் ஆனது. ஐரோப்பாவைக் குறை சொல்லவில்லை, இலவசமாகக் கொடுக்கிறவர்களுக்கு நன்றிதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் செயற்கைக்கோள் ஒன்று அதே பாதையில் மீண்டும் வரப் பன்னிரண்டு நாள் ஆகும், இங்கே வெள்ளம் இரண்டு நாளில் வந்து போய்விடுகிறது. பிறர் வீட்டுக் கடிகாரத்தை நம்பி நாம் எத்தனை நாளைக்குத்தான் இருப்பது?

சிங்கப்பூரைப் பாருங்கள். அவர்களுக்கு மலையும் இல்லை, கிளந்தான் ஆறு மாதிரி ஓர் ஆறும் இல்லை. இருந்தாலும் 2023 ஏப்ரலில் டெலியோஸ்-2 என்ற 741 கிலோ ராடார் செயற்கைக்கோளையும், அதே ஆண்டு ஜூலையில் டிஎஸ்-சார் என்ற 360 கிலோ ராடார் செயற்கைக்கோளையும் மேலே அனுப்பிவிட்டார்கள். இரண்டுமே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனவை. இரண்டும் அவர்களுடைய பாதுகாப்பு அறிவியல் தொழில்நுட்ப அமைப்பும் எஸ்டி எஞ்சினியரிங் நிறுவனமும் சேர்ந்து செய்தவை, அரசாங்க வேலைக்கும் வர்த்தகத்துக்கும் ஒன்றாகப் பயன்படுபவை. டிஎஸ்-சார் சுற்றுவது 5 பாகைச் சாய்வில், 535 கிலோமீட்டர் உயரத்தில். அதாவது ரசாக்சாட்டுக்காக நாம் தேர்ந்தெடுத்த அதே மாதிரியான பாதையில், மேகத்தைத் துளைக்கும் ராடாரோடு. அந்தப் பாதையில் போகும் ஒரு செயற்கைக்கோள் இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடியும் இந்த வட்டாரத்துக்கு வந்துவிடும். சிங்கப்பூருக்காகச் சுற்றும்போது அது நம் தலைக்கு மேலும்தான் சுற்றுகிறது. நமக்கு மனம் வேதனைப்பட வேண்டாமா?

இந்தியாவின் கதையில் தமிழர்களான நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் இருக்கிறது. இந்தியா தானே உருவாக்கிய முதல் ராடார் செயற்கைக்கோள் ரிசாட்-1, 2012 ஏப்ரல் 26 அன்று போனது, எடை 1,858 கிலோ. அந்தத் திட்டத்தின் இயக்குநர் அரியலூரில் பிறந்த வளர்மதி அம்மையார். 2015-ல் தமிழ்நாடு அரசு அப்துல் கலாம் விருதை ஏற்படுத்தியபோது முதல் விருது அவருக்குத்தான் கிடைத்தது.  இங்கே தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் விழா நடக்கும்போது அவர் படத்தையும் ஒரு மூலையில் மாட்டி வைக்கலாம், பெண் பிள்ளைகள் பார்க்கட்டும். ரிசாட்-1 மழைக்காலத்து நெல் வயலைக் கணக்கெடுக்கவும் பேரிடருக்கும் என்று சொல்லி அனுப்பப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, 2008 நவம்பரில் மும்பையில் தாக்குதல் நடந்த சில மாதங்களில், இஸ்ரேலின் உதவியோடு செய்த ரிசாட்-2 அவசரமாக 2009 ஏப்ரலில் மேலே போய்விட்டது. நெல் வயலைப் பார்க்கும் கண்ணும் எல்லையைப் பார்க்கும் கண்ணும் ஒன்றே என்பது இந்தத் துறையில் புதிய செய்தியே இல்லை. அப்புறம், 2012-ல் 1,858 கிலோ எடுத்த வகை வேலையைப் பதினோரு ஆண்டு கழித்து 360 கிலோவில் ஒரு சின்ன நாடு செய்கிறது என்றால், நம்மால் முடியாத செலவு என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ராணுவத்துக்கும் இது வேண்டும், அதை நான் மனமார ஆதரிக்கிறேன். மலாக்கா நீரிணையில் அடையாளக் கருவியை அணைத்துவிட்டு இருட்டில் போகும் கப்பலை ராடார் விடாது, இரும்புக் கப்பல் கறுப்புக் கடலில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். திருட்டுத்தனமாக எண்ணெய் கொட்டினால் அந்த எண்ணெய் சிற்றலைகளை அடக்கிவிடுவதால் கடலில் கறுத்த திட்டாகத் தெரியும், பினாங்கு மீனவர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. சரவாக் கடலில் நம் எரிவாயு வயல்களை ஒட்டி வந்து நிற்கும் வெளிநாட்டுக் கப்பல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியபோது ராணுவ வீரர்கள்தான் வந்து மக்களைத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள், எனவே ராணுவம் வேறு, வெள்ளம் வேறு என்று பிரித்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இத்தாலி இதை ஒழுங்காகச் செய்திருக்கிறது. 2007 முதல் 2010 வரை அவர்கள் அனுப்பிய காஸ்மோ-ஸ்கைமெட் செயற்கைக்கோள்கள் நான்கையும் விண்வெளி நிறுவனமும் பாதுகாப்பு அமைச்சும் சேர்ந்தே நடத்தின. ராணுவப் பயனாளர்களுக்கு ஒரு வாசல், மற்றவர்களுக்கு ஒரு வாசல். 2009 ஏப்ரலில் லாக்விலா நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது தரை எங்கே எவ்வளவு இறங்கியது என்று அளக்க அதே செயற்கைக்கோள்களின் படங்கள் உதவின.

என் பயம் அந்த இரண்டாவது வாசலைப் பற்றித்தான். நம் நாட்டில் ராணுவம் பங்குபோடும் ஒரு செயற்கைக்கோள் வந்தால் எல்லாப் படத்துக்கும் ஒரே பூட்டாகப் போட்டுவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன், அந்த அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேரை மண் மூடியது, அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த நிலச்சரிவு பற்றிய அறிக்கை முதலில் அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ் இருந்தது, அமைச்சரவை முடிவெடுத்த பிறகு 2023-ல்தான் வெளியே வந்தது. மண் ஏன் சரிந்தது என்பதே ரகசியம் என்றால், மண் சரியப் போகிறதா என்று காட்டும் படம் எந்த அலமாரியில் போய் உட்காரும்?

நான் இருப்பது பாயா தெருபோங்கில். இங்கே மலைதான் எங்களுக்குப் பின்சுவர். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள சரிவை ஆய்வு செய்த அறிக்கையைக் குடியிருப்பாளர் சங்கத்தின் சார்பில் கேட்டோம், சம்பந்தப்பட்ட அலுவலகம் அது உள் பயன்பாட்டுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் எங்களுக்கு உள் விஷயம் இல்லையா? 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் சரிவு ஏற்பட்டு 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். மறு ஆண்டு அதே அக்டோபரில் எங்கள் பகுதியில், புக்கிட் கூக்குஸ் சாலை வேலையில் 9 தொழிலாளர்கள் மண்ணில் புதைந்து போனார்கள். பெரும்பாலும் பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுக்காரர்கள், அவர்களுக்காகக் கேட்க இங்கே ஒரு உறவினர்கூட இல்லை.

ராடாருக்குச் சரிவிலும் வேலை உண்டு, எனக்கு மிகவும் முக்கியமானது இதுதான். ஒரே இடத்தை ஒரே பாதையிலிருந்து இரண்டு தடவை பார்க்கும்போது திரும்பி வரும் அலையின் ஏற்ற இறக்கம் கொஞ்சம் முன்பின்னாக நகர்ந்திருந்தால், அந்த இடம் செயற்கைக்கோளை விட்டு விலகியோ நெருங்கியோ போயிருக்கிறது என்று பொருள். சென்டினல்-1 பயன்படுத்தும் அலையின் நீளம் 5.6 சென்டிமீட்டர்தான், அதில் ஒரு சிறு பகுதி நகர்வையும் கணக்கிட முடிகிறது. பல மாதப் படங்களை அடுக்கிப் பார்த்தால் கட்டடம், பாலம், தடுப்புச் சுவர் போன்றவை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் இறங்குவதைக்கூட அளக்கலாம். கடலை நிரப்பி எழுப்பிய நிலங்கள் பினாங்கில் எத்தனை இருக்கின்றன, அவையெல்லாம் எவ்வளவு வேகமாக அமுங்குகின்றன என்று பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் காடு அடர்ந்த சரிவில் இலைகள் அசைந்து கணக்கைக் கெடுத்துவிடும், அங்கே 24 சென்டிமீட்டர் அளவுள்ள நீண்ட அலைதான் கைகொடுக்கும். ஜப்பானின் அலோஸ்-2, அலோஸ்-4, அப்புறம் 2025 ஜூலை 30 அன்று நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய நிசார் ஆகியவை அந்த வகை. எல்லா நிலச்சரிவையும் இது முன்கூட்டியே சொல்லிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரே இரவு மழையில் திடீரென்று பிளந்து விழும் சரிவு எந்த முன்னறிகுறியும் காட்டாமலே போகலாம். மெல்ல மெல்ல நகர்ந்து பிறகு விழும் சரிவுகளும் இருக்கின்றன, அவற்றையாவது பிடிப்போமே.

இதை வெளியிட்டால் வீட்டு விலை விழுந்துவிடும், மக்கள் பீதி அடைவார்கள் என்று ஒரு வாதம் வரும், எங்கள் சங்கக் கூட்டத்திலேயே அதைச் சிலர் சொன்னார்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு ஃபிளாட் வாங்கியவர்களின் கவலை அது, எனக்கும் புரிகிறது. ஆனால் இப்போது மட்டும் என்ன நடக்கிறது? மேம்பாட்டாளரும் அதிகாரிகளும் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, முப்பத்தைந்து வருடக் கடனில் கையெழுத்துப் போடுகிற குடும்பத்துக்கு மட்டும் வழி இல்லை. சரிவு நகர்கிறது என்று தெரிந்தால் வடிகாலைச் சரிசெய்யலாம், சுவரை வலுப்படுத்தலாம், மழை கனக்கும் இரவில் கீழ்வரிசை வீடுகளைக் காலி செய்யலாம். மறைத்து வைத்தால் விலையைத்தான் காப்பாற்றலாம், ஆளைக் காப்பாற்ற முடியாது.

என் கோரிக்கை பெரிதல்ல. 2022-ல் மலேசிய விண்வெளி வாரியச் சட்டம் வந்திருக்கிறது, மலேசிய விண்வெளி நிறுவனமும் 2019 முதல் இருக்கிறது. அரசாங்கப் பணம் ஒரு வெள்ளியாவது போகும் எந்த ராடார் செயற்கைக்கோளுக்கும், பேரிடர் அறிவிக்கப்பட்டால் முதல் மூன்று நாள் வெள்ளப் பகுதியைப் படமெடுப்பதற்கே முன்னுரிமை என்றும், அந்த வரைபடம் சில மணி நேரத்தில் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மாவுக்கும் மாவட்ட அலுவலகங்களுக்கும் போவதோடு அப்படியே இணையத்திலும் வர வேண்டும் என்றும் விதி செய்யுங்கள். மக்கள் குடியிருக்கும் மலைச்சரிவுகளின் நகர்வு வரைபடத்தை ஆண்டுதோறும் மாநகர் மன்றங்கள் பொதுவில் வைக்கட்டும். ராணுவ முகாம், பட்டர்வொர்த் விமானத் தளம், கடற்படைத் தளம் இவற்றையெல்லாம் மறைத்துக்கொள்ளட்டும், யாரும் கேட்கப் போவதில்லை. வேறு எதை மறைத்தாலும் ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்கு என்றும் சொல்ல வேண்டும்.

சொந்தச் செயற்கைக்கோள் வர ஆண்டுகள் ஆகும், அதுவரை சும்மா இருக்கவும் தேவையில்லை. சென்டினல்-1 படங்களை இன்றைக்கே யார் வேண்டுமானாலும் பதிவிறக்கலாம், அதைப் படிக்கும் மென்பொருளும் இலவசம். நிசாரின் தரவும் எல்லோருக்கும் திறந்தது. இங்கேயே அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, பொறியியலும் புவியியலும் படிக்கும் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், ரெலாவ் சரிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி தங்கைகளே, எங்கள் சங்கம் கூட வந்து ஒவ்வொரு சுவரையும் காட்டும்.

உங்கள் நாளிதழும் ஒன்று செய்ய வேண்டும். வெள்ளச் செய்தி போடும்போது துயர் துடைப்பு மையங்களில் இருப்போர் எண்ணிக்கையோடு அன்றைய ராடார் வெள்ள வரைபடம் ஏதும் வெளியானதா என்று கேட்டு, இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி போடுங்கள். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்த நாளிதழைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் வைப்பது ஒரே கேள்விதான், அடுத்த கூட்டத்தொடரில் விண்வெளிக்குப் பொறுப்பான அமைச்சரிடம் அதை எழுந்து நின்று கேளுங்கள்: மலேசியா ராடார் செயற்கைக்கோள் வாங்கினாலோ செய்தாலோ, அதன் வெள்ளப் படமும் சரிவுப் படமும் மக்களுக்கு எத்தனை மணி நேரத்தில் கிடைக்கும், அந்த எண் எந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும்?

இப்படிக்கு,
குடியிருப்பாளர் சங்க உறுப்பினர் ஒருவர்,
பாயா தெருபோங், பினாங்கு